தங்கை கணவரின் வலது கை

என் தங்கை கணவரின் வலது கையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டிவிட்டு மடித்து வைப்பவளுக்கு, நகை, புடவை, வீடு பற்றிய ஏக்கமெல்லாம் சீக்கிரமே அடங்கிவிடும். அந்தக் கை மட்டும் அடங்கவிடவில்லை.

என் கணவர் எலக்ட்ரீஷியன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர் அவர்தான். நாற்பத்தெட்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை மரத்துப்போன மாதிரி இருக்குதும்மா."

"நேத்தெல்லாம் கையைத் தூக்கிக்கினே வேலை செஞ்சா மரத்துத்தான் போவும். சித்த நேரம் படுங்க," என்றேன்.

தைலம் தேய்த்துவிட்டேன். அவர் வாய் லேசாகக் கோணியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தவருக்குப் பேச்சு வரவில்லை. வலது பக்கம் முழுவதும் துவண்டிருந்தது.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவருக்கு ஞாயிறு விடுமுறை. அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து ஆம்புலன்ஸில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டர், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் தாண்டிப்போச்சும்மா. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி இனிமே போட முடியாது."

உயிர் பிழைத்தார். சில மாதங்களில் பேச்சு திக்கித் திக்கி வந்தது, காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை மட்டும் தொங்கியே கிடந்தது. பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் செய்தார். பிறகு அந்தத் தாளை எடுக்கவே இல்லை. விசாரித்தவர்களிடமெல்லாம், ஜெர்மனியில் இருக்கும் என் தங்கையிடமும், "ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விட்டானுங்க, அதான் லேட்டாயிருச்சு" என்றேன். தூங்கவைத்த மூன்று மணி நேரத்தை விழுங்கிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துத் தங்கையிடமிருந்து போன். அவள் கணவருக்கும் பக்கவாதம்.

"காய் நறுக்கிக்கினு இருந்தார்க்கா. கத்தி கீழே விழுந்துது. எடுக்க வரல. வாய் கோணிச்சு. மாமாவுக்கு நடந்தது சட்டுனு ஞாபகம் வந்துச்சு. உடனே போன் பண்ணேன். பத்து நிமிஷத்துல ஆம்புலன்ஸ். ஒரு மணி நேரத்துக்குள்ள ஸ்கேன் எடுத்து ஊசி போட்டுட்டாங்க. உங்க வீட்ல நடந்ததாலதான்க்கா எனக்குத் தெரிஞ்சுது."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். எங்கள் கேடு அவர்களுக்குப் பாடமாகியிருந்தது. நன்றி சொல்லத்தான் அவள் அதைச் சொன்னாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு செய்தி வந்தது. பக்கவாதக்காரர்களுக்கென்றே தனி வார்டாம். விழுங்கப் பழக்க ஒருவர், பேசப் பழக்க ஒருவர். பிறகு பயிற்சிக்கென்றே, மரங்களுக்கு நடுவில் இருக்கும் இன்னொரு ஆஸ்பத்திரியில் சில வாரங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் இரண்டு முறை ஒரு பெண் வந்து கையைப் பிடித்துப் பழக்கினாளாம். குளியலறைச் சுவரில் பொருத்தியிருந்த கைப்பிடியைத் தங்கை வீடியோவில் காட்டினாள். அதற்கு முந்தின நாள்தான் என் கணவர் குளிக்கப் போய் வழுக்கி விழுந்திருந்தார்.

"இதெல்லாம் உங்கள மாதிரி நல்ல வேலையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தானே?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. வேலை இல்லாதவங்களுக்கும் இதேதான். எல்லாருக்கும்தான்."

பணக்காரர்களுக்கு மட்டும் என்று அவள் சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். எல்லாருக்கும் என்பதுதான் தாங்கவில்லை. அவள் போன் வந்தால் சில நாள் எடுக்காமல் விட்டேன்.

அடுத்த ஆகஸ்டில் இருவரும் வந்தார்கள். தங்கை கணவர் பெட்டியை வலது கையில் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார். என் கணவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தார். நானும் அதையேதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை, துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு தங்கை கணவர் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சகல, ஒண்ணே ஒண்ணு எடுங்க. நான் பிடிக்க மாட்டேன். நீங்களாத்தான் எடுக்கணும்."

நான் கெஞ்சியும் பயிற்சி செய்யாத மனுஷன், பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை நகர்த்தினார். கிளிப் கிண்ணத்துக்குள்ளேயே உருண்டது. மறுபடி நகர்த்தினார். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு அதிலும் பொறாமை வந்தது. அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

"உங்களுக்கு வீடு தேடி வந்து சொல்லிக் குடுத்தாங்க. நேரத்துல ஊசி போட்டாங்க. இங்க யாரு வந்தாங்க? ஒன்றரை வருஷம் கழிச்சு கிளிப்ப வெச்சு இன்னா ஆவப்போவுது?"

தங்கை கணவர் கிண்ணத்தைப் பிடித்தபடியே இருந்தார். என் கணவர் திக்கியபடி, "நீ உள்ள போ" என்றார். கல்யாணமானதிலிருந்து என்னை அப்படி அதட்டியதில்லை.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தேன். தங்கை பின்னாலேயே வந்தாள்.

"எங்க மேல கோவமாக்கா?"

"கோவம் இல்லடி. பொறாமை. உன் வூட்டுக்காரர் கையைப் பார்த்தாலே எரியுது."

ஒருமுறை வாய் திறந்ததும் நிறுத்த முடியவில்லை. "ஆஸ்பத்திரியாலதான் லேட்டுன்னு சொன்னேனே, அது பாதிதான். மூணு மணி நேரம் நான்தான் தூங்க வெச்சேன். கை மரத்துப்போச்சுன்னு சொன்னப்பவே கெளம்பியிருந்தா, அத்தினி அலைச்சலுக்கு அப்புறமும் நேரம் இருந்திருக்கும்."

தங்கை அழுதாள். "உங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்கு மட்டும் தெரியுமா? வாய் கோணினா ஓடணும்னு அங்க பஸ் ஸ்டாப்ல எழுதிப் போட்டு வெச்சிருப்பாங்க. நான் ஒருநாளும் நின்னு படிச்சதில்ல."

மறுநாள் என்னை வலுக்கட்டாயமாக வார்டு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள். இங்கே போய் என்ன கிடைத்துவிடும் என்று புலம்பிக்கொண்டே போனேன். அங்கிருந்த நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க தெருவுக்கு எங்காளு வந்தாங்களேம்மா, பிரஷர் மெஷின எடுத்துக்கினு. எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லன்னு நீங்கதானே அனுப்பிட்டீங்க? பக்கவாதம்னு சொல்லியிருந்தா பிசியோதெரபி பண்றவங்க வீட்டுக்கே வந்திருப்பாங்களே."

தலையைக் குனிந்துகொண்டேன். நினைவிருந்தது. தங்கையின் போனை வைத்த கையோடு வாசலுக்குப் போன நாள் அது. இவர்கள் வந்து என்ன கிழிக்கப்போகிறார்கள் என்று கதவைச் சாத்தியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தார். இப்போதும் வருகிறார், மாதம் இரண்டு முறை. அங்கே வாரம் இரண்டு முறை என்பதை ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன். போன நேரம் போனதுதான், கை முழுசாகத் திரும்பாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். ஆனாலும் என் கணவர் கரண்டியைப் பிடிக்கிறார், சட்டைப் பொத்தானில் கீழே இருக்கும் இரண்டைப் போடுகிறார். குளியலறைக் கைப்பிடிக்குத் துளை எங்கே போடவேண்டும் என்று அவரே கொத்தனாருக்குக் காட்டினார்.

போன வாரம் தங்கை கூப்பிட்டாள். அவள் கணவர் மறுபடி கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டாராம்.

"ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். பாதி நிஜமாகவே சொன்னேன். மீதியை அவளும் புரிந்துகொண்டிருப்பாள். உடனே, "மாமா கிட்ட குடுங்கக்கா" என்றாள். அவர் வலது கையை நீட்டி வாங்கினார். போன் நழுவி மடியில் விழுந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்து, "சொல்லும்மா" என்றார்.