களிமண் உருண்டை காட்டிய அளவு

பழைய காருக்கு வைத்தியம் பார்ப்பதில் ஸ்பேனர்காரரை அடிக்க ஆளில்லை என்று ஊரே சொன்னது ஒரு காலம். சகலை பட்டறை போட்ட இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பேச்சு மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. மனைவியின் தங்கை புருஷன், வயதில் சின்னவன், பார்த்த இடத்தில் "அண்ணே" என்று குழைவான். அந்தக் குழைவுதான் மனுஷருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

இப்போது டாக்டரம்மாவின் காரும் அவன் பட்டறையில். அவருடைய அப்பா ஓட்டிய கார், இருபத்திரண்டு வருஷம் ஸ்பேனர்காரர் கை மட்டுமே பட்ட கார். இஞ்சினில் விரிசல் விழுந்ததும் இனி பிழைக்காது என்று இவரே கையை விரித்துவிட்டார். சகலையோ சின்னச் சரக்கு வேனின் டீசல் இஞ்சின் ஒன்றைத் தூக்கி வந்து, இதை மாட்டலாம் என்கிறான். என்ன தைரியம்! டாக்டரம்மா மட்டும், ஸ்பேனர்காரர் பார்த்துச் சரி என்றால்தான் மேற்கொண்டு வேலை என்று சொல்லிவிட்டார்.

ஸ்பேனர்காரர் நொட்டை கண்டுபிடிக்கவே போனார். சகலை இஞ்சினை போல்ட் முடுக்காமல் சும்மா உட்காரவைத்திருந்தான். கனம் தாங்காது என்று சொல்லலாமென்றால் பாவி முன்பக்க ஸ்பிரிங்கை ஏற்கெனவே மாற்றியிருந்தான். கியர் தண்டும் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மிச்சம், பானட்டை மூடினால் இஞ்சினில் இடிக்குமா என்பதுதான். அதற்கு இவர் பாணி ஒன்று உண்டு. இஞ்சின் உச்சியில் களிமண் உருண்டையை வைத்து, பானட்டை மூடித் திறப்பார். நசுங்கியது போக மிஞ்சும் கனம்தான் இடைவெளி. திறந்தார். பாழாய்ப்போன களிமண் ஒரு விரல் கனத்துக்கு மிஞ்சியிருந்தது.

சகலை வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். டாக்டரம்மா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். இவர் கட்டைவிரலால் களிமண்ணை ஒரே அமுக்காகத் தகடாக்கினார்.

"இடிக்குதும்மா. பானட்டை வெட்டணும். வேண்டாம், விட்டுடுங்க."

சகலை எழுந்துவந்து பார்த்தான். பானட்டே அமுக்கியிருந்தால் களிமண் மட்டமாக நசுங்கியிருக்கும். இதில் விரல் ரேகை வரிவரியாக விழுந்திருந்தது. இவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான்.

"அண்ணன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று களிமண்ணை வழித்து எறிந்தான்.

காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இதிலும் நல்ல பேர் அவனுக்குத்தானா என்று ஸ்பேனர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா காரின் கூரையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார். ஓடாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய, பழைய இரும்புக்காரனை நாளைக்கே வரச்சொல்லுங்கள் என்றார்.

ஸ்பேனர்காரர் காரைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் பார்த்த வண்டியை உடைக்கப் போகிறார்கள்.

"இடிக்கலம்மா" என்றார். "நான்தான் அமுக்குனேன். இவன் பேர் வாங்குறது எனக்குப் பொறுக்கல. இஞ்சின் நல்லாத்தான் பொருந்துது, தாராளமா மாத்தலாம்."

டாக்டரம்மா இத்தனை வருஷமும் இவர் கையில் கொடுத்த சாவியைச் சகலையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சகலை போல்ட்டுகளை எடுத்துவந்தான். "அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்கண்ணே."

பிடித்தார். கிட்டத்தில் பார்க்கும்போது அவன் வேலை இன்னும் சுத்தமாகத் தெரிந்தது. வயிறு முன்னைவிட எரிந்தது. கையை மட்டும் விடவில்லை.