பங்குனித் தும்மலும் முகூர்த்தப் புடவையும்

பங்குனி பொறந்தா வேப்பமரத்துல பூ கொட்டும், எனக்கு மூக்கு கொட்டும். பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா நிக்குது அந்த மரம். கண்ணு அரிக்கும், தொண்டை அரிக்கும், தும்மல் வந்தா வரிசையா வரும். டாக்டரம்மா இதுக்கு அலர்ஜின்னு பேர் சொன்னாங்க. பூவுல இருந்து பறக்கிற தூள்தான் காரணமாம்.

தறியில உக்கார்றவளுக்குத் தும்மல் சின்ன விஷயம் இல்லை. தும்முற நேரத்துல கால் மிதி தப்பும், இழையைத் தட்டற பலகையைக் கை ஓங்கி அடிச்சிடும். அந்த இடம் புடவையில கோடா நிக்கும். அதனால பல வருஷமா பங்குனியில என் தறியில என் மகன் உக்காருவான். நான் கீழ உக்காந்து நூல் சுத்துவேன்.

போன வருஷம் பேத்திக்கு வைகாசியில கல்யாணம்னு முடிவாச்சு. அவ முகூர்த்தப் புடவையை நான்தான் நெய்வேன்னு அவ பொறந்தப்பவே சொன்னவ நான். வைகாசிக்குப் புடவை வேணும்னா பங்குனியில தறியில நீள நூல், அதான் பாவு, ஏத்தியே ஆகணும்.

"நான் நெய்யறேம்மா. நீ தும்மிக்கினே நெய்வியா?" என்றான் மகன்.

"உன் கை நல்ல கைதான்பா. ஆனா அவகிட்ட நான் சொன்னது என் கையை."

மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம்னா ஒருத்தரால நெய்ய முடியாது. பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து, கரை நூலைக் குறுக்கே கொண்டு போற நாடாவைத் தள்ளணும். அது என் மருமகள். முசரவாக்கத்துல நெல்லு வயல்ல வளர்ந்த பொண்ணு. இங்க வாழ வந்துதான் தறியைப் பார்த்தாள். இப்ப அவ வேகத்துக்கு நான் ஓடணும்.

புதுப் பாவுக்குச் சூடம் காட்டி முதல் நாடா போடறப்போ யாரும் தும்மக் கூடாது. ஒத்தைத் தும்மல் ஆகாது, ரெட்டைன்னா தோஷம் இல்லைன்னு எங்க வழக்கம். நாடாவைக் கையில எடுத்தேன். ஒரு தும்மல் போட்டேன். வீடே அப்படியே நின்னுச்சு. மகன் முகம் சுண்டிப் போச்சு.

மருமகள் மட்டும் கலங்கலை. "அத்தை, இன்னொண்ணு போடுங்க. சீக்கிரம்."

போட்டேன். அதுக்கு மேலயும் போட்டேன்.

"ரெட்டைக்கு மேல ஆச்சு, எல்லாம் லாபம்தான். நாடாவைத் தள்ளுங்க" என்றாள். பேத்தி சிரிச்சுச் சிரிச்சு சுவத்துல சாஞ்சிட்டாள்.

சிரிப்பு அதோட சரி. மாத்திரை போட்டா தும்மல் நிக்குது, ஆனா தூக்கம் வந்து சொக்குது. ஒரு நாள் சொக்கி, கரை இழையை உடம்பு இழையோட கோக்காமலே போயிட்டேன். அரை நாள் நெய்ததைப் பிரிச்சோம். மகன் பக்கத்துல வந்து நின்னான். பிரிச்ச நூலைக் குனிஞ்சு பொறுக்கினான். அதுதான் எனக்கு ரோஷம்.

டாக்டரம்மாகிட்ட போய்ச் சொன்னேன். வேற மாத்திரை எழுதி, ராத்திரி போட்டுக்கச் சொன்னாங்க. காலையிலதான் பூத்தூள் அதிகம், ஜன்னலைச் சாத்துங்கன்னாங்க. ஜன்னலைச் சாத்தினா உள்ளே காத்து காஞ்சு போகும், காஞ்ச காத்துல பட்டு இழை பட்பட்டுன்னு அறும். பங்குனி வெயிலுக்கு கால் மிதி இருக்கிற தறிக் குழியில நாங்க தண்ணி தெளிக்கிறதே அதுக்குத்தான்.

அப்போதான் ஒரு யோசனை வந்துச்சு. பழைய கோணிப்பையை நனைச்சு, சொட்டுத் தண்ணி இல்லாம பிழிஞ்சு, திறந்த ஜன்னல்ல திரையா கட்டினேன். கொரோனா காலத்து முகமூடியை நனைக்காம அப்படியே மூக்குக்குப் போட்டுக்கிட்டேன். வெளிச்சத்துக்கு டியூப் லைட். காத்தும் ஈரமா வந்துச்சு, இழையும் அறலை. சாயங்காலம் கோணியை அவுத்தா அதுல மஞ்சளா தூள் ஒட்டியிருக்கும்.

"இவ்வளவும் உங்க மூக்குக்குப் போக வேண்டியது அத்தை. பட்டினி போட்டுட்டீங்க" என்பாள் மருமகள்.

தும்மல் அடியோட நின்னுச்சுன்னு சொல்ல மாட்டேன். வர்றது தெரிஞ்சா "இரு"ம்பேன். அவ நாடாவைப் பிடிச்சுக்குவாள். தும்மிட்டு "போ"ம்பேன். இரு, போ, இரு, போ. அப்படியே முந்தானையும் முடிஞ்சுது.

தறியில இருந்து அறுத்து எடுத்த அன்னிக்கு மகன் புடவையைத் திருப்பிப் போட்டுக் கரையும் உடம்பும் சேர்ற இடத்தை விரலால தடவிக்கினே போனான். ஒரு கோடு, ஒரு முடிச்சு கிடைக்குமான்னு பார்த்தான். கடைசி வரைக்கும் போய், திரும்பவும் முதல்ல இருந்து தடவினான்.

"என்னப்பா, தும்மல் எங்க இருக்குது?" என்றேன்.

"தெரியலைம்மா."

"தெரியாது. அடுத்த பங்குனிக்கும் எனக்கே பாவு ஏத்து. நூல் சுத்தறதை நீ பார்த்துக்கோ."

சரின்னு தலையாட்டினான். இந்தப் பங்குனியிலயும் என் தறியில நான்தான் உக்காந்திருக்கேன்.