இன்னொருத்தி வாயசைத்த பாட்டு

"சிரிங்க. இன்னும் கொஞ்சம். சரி, இப்ப கோவப்படுங்க."

மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் முதலில் திகைப்பார்கள். கண்ணாடி மாட்டிவிடும் கடைப்பெண் விடமாட்டார். "சும்மா கோவப்படுங்க சார். வீட்டுல யாராச்சும் இருப்பாங்கல்ல, அவங்கள நெனச்சுக்குங்க." வந்தவர் புருவத்தைச் சுருக்குவார். கண்ணாடி மூக்கில் லேசாக இறங்கும். அதைக் கழற்றி, காதில் மாட்டும் தண்டைக் கொஞ்சம் வளைத்து, மறுபடி மாட்டிவிடுவார். "சிரிக்கும்போது எல்லாக் கண்ணாடியும் நிக்கும். கோவத்துலதான் வழுக்கும்."

முப்பத்திரண்டு வயது. நெற்றியில் விழும் முடியை ஊதியே ஒதுக்குகிற பழக்கம். பேனா சொருக வேண்டிய பையில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். கடையில் ஆள் இல்லாத நேரங்களில், கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை தாளம் தப்பாமல் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கடைசி வரி எறும்பு அளவு இருக்கும். அதற்கு மட்டும் குரலையும் எறும்பு அளவாக்கிக்கொள்வார்.

காலையில் வாங்கிய கண்ணாடியை மாலையில் உட்கார்ந்து நசுக்கிவிட்டு, "நீங்க குடுத்ததே இப்படித்தான்" என்று சத்தம் போடுகிறவர்களிடமும் முகம் சுளிக்காமல் பேசுவார். "இவ பொறுமைக்குக் கடையையே எழுதி வெக்கலாம்" என்பார் முதலாளி. "வெக்கமாட்டேன். ஆனா வெக்கலாம்."

ஒரு காலத்தில் இவருக்குச் சிடுக்கு என்று பெயர். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பதால் தோழி வைத்த பட்டம். பதிலுக்கு இவர் வைத்த பட்டம் வாயாடி. பள்ளிக்கூட பஸ்ஸின் கடைசி சீட்டில் ஆரம்பித்த ராப், இருபத்து மூன்று வயதில் இருவரையும் ஒரு பாட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த ஒரு ராப் பாடகர் கோடைக்கென்று ஒரு தனிப்பாடல் செய்தார். பல்லவி அவருக்கு, முதல் சரணம் வாயாடிக்கு, இரண்டாவது சிடுக்குக்கு.

"ஃபேனு சுத்துது, காத்து வரல, பேச்சு சுத்துது, சேதி வரல" என்று தொடங்கும் அந்த இரண்டாம் சரணம்தான் பாட்டைத் தூக்கி நிறுத்தியது. எழுதியவரும் இவரே. ஒன்பது வருடமாகிறது. இன்றும் வெயில் ஏறத் தொடங்கினால் ரேடியோக்காரர்கள் அதைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக் கடைக்கு வரும் வாண்டுகள் அதை அவர் எதிரிலேயே பாடுகிறார்கள். "நல்லா பாடறியே" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வீடியோவில் அவர் இல்லை. அந்தச் சரணத்துக்கு வாயசைப்பவர் வேறொரு பெண்.

எனக்கு அதை அவர் சொன்னது, கண்ணாடிக்காக நான் மூன்றாவது தடவை கடைக்குப் போனபோது. தண்ணீர் வடித்த ஒரு நீச்சல் குளத்துக்குள் படப்பிடிப்பு. உச்சி வெயில். காலை வைத்தால் ஓடுகள் பொசுக்கின. அன்று ஒரு நாள்தான் இடம் கிடைத்திருந்தது. வாயாடியின் பகுதி முடிந்ததும் இயக்குநர் இவரிடம், "நீ பின்னாடி போம்மா, அந்த ஏணிகிட்ட நில்லு" என்றார்.

"எதுக்குன்னு கேட்டேன். ஃப்ரேமுக்கு அதுதான் அழகுன்னார். அந்த நேரம் பார்த்து அந்தப் பெரிய பாடகர் என்னமோ சொன்னார், வாயாடி சிரிச்சா. என்னைப் பார்த்துதான் சிரிக்கிறான்னு எனக்கு. சுர்ருன்னு ஏறிடுச்சு. ஏணிகிட்டதானே நிக்கச் சொன்னீங்க, இந்தா ஏறியே போறேன்னு மேல வந்துட்டேன்."

வாயாடி தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார். "அஞ்சு நிமிஷம்டி. முடிச்சிட்டு சண்டை போடலாம். நானும் உன் பக்கம் நின்னு போடறேன்."

"மொதல்ல நீ சிரிச்சு முடி" என்று சொல்லிவிட்டு இவர் வெளியே நடந்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். வந்த பஸ்களையெல்லாம் விட்டார். யாராவது கூப்பிட வருவார்கள் என்று காத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அவருடைய குரல் கேட்டது. அவருடைய சரணம். நின்றது, மறுபடி முதலிலிருந்து வந்தது. பதினோரு தடவை.

"என்னை வரவழைக்கத்தான் போடறாங்கன்னு நெனச்சேன் சார். இன்னும் ஒரு தடவை போடட்டும், எழுந்து போயிடலாம்னு. அப்பறம் இன்னும் ஒரு தடவை. அப்படியே உக்காந்திருந்தேன். உள்ள, துணிமணி பார்த்துக்க வந்த பொண்ணுக்கு வாயசைக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்திருக்காங்க."

அந்தப் பெண்மேல் இவருக்கு வருத்தமில்லை. வீடியோ வந்த அன்றே அவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். "அவளுக்கு என்னைவிட நல்லாவே வந்திருந்தது. மூச்சு விடற இடம் ஒண்ணே ஒண்ணுதான் தப்பு."

வாயாடி மூன்று நாள் வீடு தேடி வந்தார். மூன்று நாளும், நான் இல்லையென்று சொல்லுங்கள் என்று அண்ணியை அனுப்பிவிட்டு இவர் கதவுக்குப் பின்னால் நின்றார். மூன்றாம் நாள் வாயாடி, "செருப்பு இருக்கே அண்ணி" என்று மட்டும் கேட்டுவிட்டு, மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிப் போகும் சத்தம். வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே பாடுகிறார். இவர் அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், "கை வரல" என்கிறார்.

போன வாரம் என் கண்ணாடியைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஒரு வயதான அம்மா மருத்துவர் சீட்டோடு உள்ளே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"நீ இங்கதான் இருக்கியா?" என்றார் வந்தவர். "இத்தனை வருஷமா பக்கத்துத் தெரு கடைக்குப் போய்க்கிட்டிருந்தேன் பாரு."

வாயாடியின் அம்மா. தனக்குக் கண் மங்கியதை விட்டுவிட்டு, இவர் ஏன் இப்படி இளைத்துவிட்டார் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஃப்ரேம் தேர்ந்தெடுத்தாயிற்று. இவர் அந்த அம்மாவைச் சிரிக்கச் சொன்னார். கோபப்படச் சொல்லவில்லை.

"எம்பொண்ணு மேல இன்னும் கோவமாடி?"

"ஐயோ, இல்லம்மா. கோவமெல்லாம் அந்த பஸ் ஸ்டாப்புலயே போயிடுச்சு. வெக்கந்தான் போகல."

"அவளும் உன்னைப் பத்திப் பேசாத நாளில்ல. இரு." அம்மா கைப்பையைத் துழாவி போனை எடுத்தார், கண்ணுக்கு அருகில் வைத்து எண்ணைத் தட்டினார், மணி அடிக்கும்போதே மேசைக்கு மேலாக நீட்டிவிட்டார். இவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அம்மா?" என்றது போன். எனக்கே கேட்டது. "கண்ணாடி கெடச்சுதா? ... அம்மா? பேசேன்."

இவர் வாயைத் திறந்தார். பிறகு போனை ஓசைப்படாமல் அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, உள்ளறைக்குப் போனார்.

"ஒண்ணுமில்லடி" என்றார் அம்மா போனில், அந்தப் பக்கமே பார்த்தபடி. "கை பட்டுடுச்சு."

உள்ளே லென்ஸ் அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். அதன் சக்கரத்தில் லென்ஸ் எதுவும் இல்லை. அவர் அதன்மேல் குனிந்து நின்றிருந்தார்.