படிக்கட்டில் ஒரு குடும்பப் படம்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா. பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் அவள் காலடியில். எதிரே லாரி வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்ட டாக்டரையும், ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே "வண்டி தானா போகுது மேடம்" என்று அலறிய வங்கி மேலாளரையும் பார்த்தவள் அவள். ஒருவரையும் திட்டியதில்லை. காலை அழுத்துவாள், வண்டி நிற்கும், "சரி, திரும்ப எடுங்க" என்பாள். இந்தப் பொறுமையைத்தான் அவள் குடும்பம் இளிச்சவாய்த்தனம் என்று எடுத்துக்கொண்டது.

அண்ணன் படிப்பை முடித்த கையோடு விமானம் ஏறினான். சித்தப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். இவள் ஓட்டுநர் பள்ளியில் போன் எடுக்கிற வேலைக்குப் போய், முதலாளி இல்லாத நேரத்தில் வண்டியை எடுத்துப் பழகி, கடைசியில் சொந்தமாக ஒரு காரும் ஒரு போர்டும் வைத்துக்கொண்டாள். நடுவில் ஒரு கல்யாணப் பேச்சும் வந்தது. "அம்மாவை யார் பாத்துக்குவாங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று அண்ணன் போனில் அடித்துவிட்டான். பார்த்துக்கொண்டது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தப் பேச்சு பேச்சோடு நின்றுபோனது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் விழுந்தாள். அதற்குப் பிறகு கால்கள் எழும்பவில்லை. வாசலிலோ ஐந்து படிகள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒருமுறை அப்படி இறக்கும்போது சேலை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. தெருவே நின்று பார்த்தது. அன்றைக்கு வீடு திரும்பிய அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம். செத்தப்புறம் தூக்கிக்குங்க."

பிரேக்கக்கா படிகளை உடைத்துவிட்டாள். அவளிடம் கார் பழகிக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர்தான் அம்மாவின் சக்கர நாற்காலி இறங்கச் சரிவு போட்டுக் கொடுத்தார். முதலில் போட்டது செங்குத்தாக அமைந்து நாற்காலி பிய்த்துக்கொண்டு ஓடியது. அதை உடைத்துவிட்டு, வாசலிலிருந்து சுவரோரமாக வளைந்து கேட் வரை போகிற மாதிரி நீளமாகப் போட்டார்கள். சக்கரம் வழுக்காமலிருக்க ஈர சிமென்டில் துடைப்பத்தால் கோடு கோடாகக் கீறினார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே உருண்டு கேட்டுக்கு வருவாள். காய்கறி வண்டிக்காரரிடம் வம்பு வளர்ப்பாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் மார்க் கேட்பாள். அம்மாவுக்கு அதுதான் உலகம்.

இந்த வருடம் எல்லாருமாகத் தாய்நாட்டுக்கு வந்து ஒன்றுகூடுவது என்று அண்ணன் ஏற்பாடு செய்தான். குடும்பத்துக்கான போன் குழுவில் ஒரு பழைய படத்தைப் போட்டான். அம்மாவும், இப்போது உயிரோடில்லாத அப்பாவும் மேல்படியில், வாண்டுகள் எல்லாம் கீழே வரிசையாக. அதே படியில், அதே வரிசையில் திரும்ப உட்கார்ந்து படம் எடுக்க வேண்டுமாம். குழுவில் ஒரே கண்ணீர் மழை. "நம்ம வீடு, நம்ம வீடு" என்று உருகினார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது யார் வீடு என்று ஒருவரும் கேட்டதில்லை.

வந்து இறங்கினார்கள். எள் போட்டால் கீழே விழாத கூட்டம். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை. மறுநாள் விடிவதற்குள் பிரேக்கக்கா நாலு பேரை லைசன்ஸ் தேர்வுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து காரை நிறுத்தியவளுக்குத் தான் பார்ப்பது என்னவென்றே புரியவில்லை. சரிவு சுவரோரம் கல்லும் மண்ணுமாகக் குவிந்து கிடந்தது. வாசலில் ஐந்து புதுப் படிகள், ஈரம்கூடக் காயவில்லை.

"எப்படி இருக்கு?" என்றான் அண்ணன், பல்லெல்லாம் தெரிய. "அந்த ஃபோட்டோவைக் காட்டித்தான் கட்டச் சொன்னேன். அச்சு அசல் அதே மாதிரி இல்ல?"

"அம்மா எப்படி வெளியே வருவாங்க?"

"தூக்கிக்கலாம். இத்தனை ஆம்பளைங்க இருக்கோம்ல?"

"நீங்கள்லாம் போனப்புறம்?"

"திரும்ப ஒரு சரிவு போட்டுக்கோ. யாரு வேணாம்னா? ஒரு சந்தோஷமான நேரத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

அம்மாவிடம் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தாள். "வேலை நடக்குது, சத்தமா இருக்கும்" என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திவிட்டார்களாம். பழைய கைப்பிடியை மாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தாளாம். பிரேக்கக்காவுக்குப் பழக்கம் விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் அம்மாவுக்குச் சாப்பாடு போட்டாள். சரிவு போன விஷயத்தைச் சொல்லவில்லை.

காலையில் நீலச் சட்டைகள் படிகளில் வரிசை கட்டி உட்கார்ந்தன. அண்ணன் மகன் எதிரே போனைப் பிடித்தபடி நின்றான். சித்தப்பா மகன் அம்மாவின் நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தான். அம்மா எட்டிப் பார்த்தாள். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் சரிவு எங்கடா?"

சித்தப்பா மகன் குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்தான்.

"தொடாதே!"

"அம்மா, ஒரே நிமிஷம்மா. நீ இல்லாம என்ன குடும்பப் படம்? எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம்!" அண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நடிப்பில்லை, உண்மையான கண்ணீர்தான். அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பிரேக்கக்கா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "அண்ணா, நான் அம்மாவைக் கட்டில்ல உக்கார வைக்கிறேன். நீ இந்த நாற்காலியில உக்காரு. நாலு பேரு உன்னைத் தூக்கிக் கீழே இறக்கட்டும். ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் அம்மா வருவாங்க."

யாரோ ஒரு குழந்தை கை தட்டியது. அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணனுக்கு முகம் சிவந்தது.

"என்ன கிண்டலா? நாலு பேரு தூக்க நான் என்ன நொண்டியா?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் மகன் போனைக் கீழே இறக்கினான். அம்மா கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் உன்னைச் சொல்லலம்மா..."

"வேற யாரைச் சொன்னே?"

அம்மா நிலையிலிருந்து கையை எடுத்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடப்பாரை எங்கேடி இருக்கு?"

"பின்பக்கம்."

"எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போதும் படிகளில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ சமாதானம் ஆகிவிடும், படம் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு.

"எந்திரிங்கடா எல்லாரும்!"

பிரேக்கக்கா கத்தி யாரும் கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நீலச் சட்டைகள் பதறியடித்துக்கொண்டு எழுந்து முற்றத்தில் சிதறின. மேல்படியில் முதல் குத்து விழுந்தது. சிமென்ட் இன்னும் இறுகவில்லை. செங்கல் முழுசு முழுசாகப் பெயர்ந்து வந்தது. இத்தனை வருடம் போனில் கேட்ட "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குத்தினாள். கை எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"அந்த ஓரத்தையும் விடாதே" என்றாள் அம்மா வாசலிலிருந்து.

மூன்றாவது படிக்கு வந்தபோது அண்ணன் கிட்டே வந்து கையை நீட்டினான். குரல் இறங்கியிருந்தது. "குடு. நான் உடைக்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. வியர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுண்ணா. கால்ல கீல்ல விழுந்துடப் போகுது. அப்புறம் உன்னையும் தூக்கணும்."