அஞ்சாவது லைட்

வினோதினியின் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மெக்கானிக் இல்லீங்களா?"

செங்கம் ரோட்டில் பாதிக் கடை அவளுடையது. மறுபாதியில் பாலாஜி செல்போன் பழுது பார்க்கிறான். வருகிறவர்கள் அவனைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவன் தலையை நிமிர்த்தாமல், "எதிர்ல உக்காந்துனு இருக்குது பாருங்க, அதான் மெக்கானிக். நான் சும்மா அழகுக்கு" என்பான்.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் நான்கு வருஷம் இருந்தாள். விரல் பருமனில் வரும் செல்களை மீட்டரில் அளந்து தட்டுத் தட்டாகப் பிரிக்கிற வேலை. சிவப்புத் தட்டில் விழுந்தது குப்பைக்குப் போகும். எதையும் மூன்று முறை அளந்து எழுதிய பிறகுதான் தட்டில் போடலாம். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. குழம்பில் உப்பைக்கூட மூன்று முறை பார்த்துத்தான் இறக்குகிறாள் என்று கணவன் கேலி செய்வான்.

கடைக்கு வருவதெல்லாம் மின் ஸ்கூட்டர் பேட்டரி, வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் பேட்டரி. அன்று காலை, "ஏம்மா" என்று குரல் மட்டும் வந்தது. ஆள் தெரியவில்லை.

"கீழ பாரும்மா."

எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும் ஒருவர் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரப் பையன்கள் நின்றுகொண்டு ஓட்டுவார்களே, அந்த மின்சார ஸ்கேட்போர்டு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கால்களை அறுத்துவிட்டு மேல்பகுதியை அதில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. சக்கரங்களைச் சுற்றி ஆட்டோ டயர் ரப்பர் ஒட்டியிருந்தது. சூம்பிய இரண்டு கால்களையும் மடித்து, மடியில் ஒரு துணிப்பையை வைத்திருந்தார்.

"நாற்காலிக்கு நாலு போச்சு. எனக்கு ரெண்டுதான்" என்றார். "மண்ணாங்கட்டின்னு கேட்டா லிங்கத்துக்கு லிங்கம் சொல்லுவாங்க. கற்பூரம், திரி, ஊதுவத்தி, எல்லாம் மலை சுத்துற பாதையில கடை கடையா நான்தான் போடுறேன்."

"இதுலயா?"

"இதுலதான். தினம் ஒரு சுத்து. ஆறு வருஷமா. இப்ப ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா கம்மியாயி, மூணு கிலோமீட்டர்ல நின்னுடுது. சூரிய லிங்கம் தாண்டி ஒரு தண்ணித் தொட்டி இருக்குது, அங்க போனா செத்துடும். நாப்பது நாளாச்சு, அதத் தாண்டல."

"வியாபாரம் போச்சா?"

"வியாபாரத்த ஆட்டோல அனுப்பிக்கலாம்மா." அவர் கழுத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார். கடை வாசலிலிருந்து தெரிகிற பக்கம் அது. "இந்தப் பக்கத்த மட்டும் பாத்துனு எத்தன நாளைக்கு இருக்கிறது? அந்தாண்ட போனா மலை வேற ஆளும்மா."

முன்பு அவரிடம் இருந்தது பேரிங் வைத்த மரப்பலகை. கையால் தரையை உந்தி உந்தி ஒரு நாளைக்குத் தேரடித் தெருவரை போய்வருவார். நாற்பத்தாறு வயதுவரை மலையின் மறுபக்கத்தைப் பார்த்ததில்லை. இங்கே சில மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனார். இதை ஓட்டிக்கொண்டு முதல் நாளே முழுச் சுற்றும் போனார் மண்ணாங்கட்டி.

"கம்பெனிய மூடிட்டாங்கண்ணா" என்றாள் வினோதினி, இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு.

"தெரியும்மா. வெள்ளைக்காரர் ஃபோன்ல சொன்னாரு, கம்பெனிக்கே சார்ஜ் எறங்கிடுச்சுன்னு."

பலகையைக் கவிழ்த்துத் திறந்தாள். பத்து வரிசை செல்கள், வரிசைக்கு மூன்று. ஒன்பது வரிசை மூன்று புள்ளி ஏழு வோல்ட் காட்டியது. ஏழாவது வரிசை மட்டும் மூன்று புள்ளி இரண்டு. மூன்று முறை அளந்து நோட்டில் எழுதினாள்.

"பந்தியில ஒருத்தர் எழுந்தா எல்லாரும் எழுந்துக்கணும் இல்ல, அது மாதிரிண்ணா. பத்துல ஒரு வரிசை காலியானா மொத்தத்தையும் நிறுத்திடும். ஏழாவது வரிசை செத்துட்டிருக்குது."

"மாத்திப் போடேன்."

அங்கேதான் சிக்கல். உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குச் செல்களிலிருந்து ஒரு நொடி மின்சாரம் அறுந்தாலும் அது பூட்டிக்கொள்ளும். திறக்கக் கம்பெனியால்தான் முடியும். கம்பெனி இல்லை. இதே பலகையை வைத்திருந்தவர்கள் எந்தெந்தத் தேசத்திலோ உட்கார்ந்து இப்படிப் பூட்டிக்கொண்டதைப் பற்றி எழுதிவைத்திருந்தார்கள். சர்க்யூட்டையே தூக்கிவிட்டு வேறு போடலாம். ஆனால் பிரேக் இதுபோல் பிடிக்காது, இவருக்கோ காலை ஊன்றி நிறுத்த வழியில்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான். வெளியிலிருந்து வேறொரு பேட்டரியை இணையாகக் கொடுத்து, சர்க்யூட்டுக்குத் தெரியாமல் பழைய வரிசையை அறுத்துப் புதியதை வைப்பது. கை ஒரு முறை நழுவினால் இப்போது ஓடுகிற மூன்று கிலோமீட்டரும் கிடையாது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவில்லை.

மண்ணாங்கட்டி துணிப்பையை மடியில் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "நீ இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கிறியா?"

"இல்லண்ணா."

"பொய் சொல்லலாம்ல" என்றான் பாலாஜி.

"நாளன்னிக்கு வரேன். செஞ்சிடு" என்றார் மண்ணாங்கட்டி. பலகையை அவளிடமே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஆட்டோக்காரர் தூக்கிவிட்டபோது அவர் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்ததை வினோதினி பார்த்தாள். மருத்துவமனையில் ஆளை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இரண்டு நாள் பேட்டரியைத் தொடவில்லை. புதிய செல்களைப் பொறுக்கினாள். கம்பி ஒவ்வொன்றுக்கும் காகிதம் ஒட்டினாள். அறுக்கப்போகிற அன்றைக்கு மின்தடை உண்டா என்று விசாரித்துக்கொண்டாள். சொன்ன நாளில் மண்ணாங்கட்டி ஒன்பது மணிக்கெல்லாம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கட்டரை எடுத்தாள். அறுப்பதற்கு முன் கடைசியாக ஒரு முறை அளந்தாள்.

ஏழாவது வரிசை, மூன்று புள்ளி இரண்டு ஒன்று நான்கு.

நோட்டைப் பார்த்தாள். இரண்டு நாள் முன்பும் மூன்று புள்ளி இரண்டு ஒன்று நான்கு. மீட்டரை மாற்றி அளந்தாள். அதே எண்.

கட்டரைக் கீழே வைத்தாள். செத்த செல் சும்மா இருந்தாலே இறங்கிக்கொண்டே போகும். இது இருந்த இடத்தில் இருந்தது.

"அண்ணா, சார்ஜ் எப்டிப் போடுவீங்க?"

"எப்டின்னா? ஆடையூர்ப் பக்கம் திரும்பி அடி அண்ணாமலை போனா ஜோதியம்மா டீக்கடை. பாதிச் சுத்துல அங்க சொருவிடுவேன். கடைக்கு ஒரே ஒரு பிளக்குதான், ஃபிரிட்ஜ் பிளக்கு. பலகை ஓரத்துல மூணு லைட் வந்ததும் அந்தம்மா புடுங்கிடும். இல்லாட்டி பாலு திரிஞ்சிடும்னு கத்தும்."

"வீட்ல?"

"வீட்லயும் மூணுதான். கை பழகிடுச்சு."

"அஞ்சு லைட்டும் எரிஞ்சு எப்ப பாத்தீங்க?"

மண்ணாங்கட்டி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அஞ்சாவதுன்னு ஒண்ணு இருக்குதா?"

பாலாஜி சிரித்துவிட்டான். வினோதினி சிரிக்கவில்லை.

"அண்ணா, பந்தின்னு சொன்னேன்ல. பத்து எலையிலயும் சரிசமமா இருக்குதான்னு பாக்குற ஆளு கடைசியா, மோரு ஊத்துறப்பதான் வருவாரு. அதுதான் அஞ்சாவது லைட். நீங்க ஆறு வருஷமா ரசத்துலயே எழுந்துட்டீங்க. ஏழாவது எலையில கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சத ஒருத்தரும் பாக்கல. அது சாவல. பட்டினி கிடக்குது."

"அப்ப அறுக்க வேணாமா?"

"வேணாம். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் தனியா ஊட்டிப் பாக்கலாம். ஏத்துக்கிச்சுன்னா பொழைச்சோம்."

சிறிய சார்ஜர் ஒன்றை ஏழாவது வரிசையில் மட்டும் கவ்வவிட்டாள். ஒரு குழந்தைக்குப் பால் புகட்டுகிற அளவு மின்சாரம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை புறங்கையால் செல்களைத் தொட்டுப் பார்த்தாள். சூடேறினால் கதை முடிந்தது. ஏறவில்லை. மூன்று புள்ளி இரண்டு இரண்டு. மூன்று புள்ளி இரண்டு ஐந்து.

மத்தியானம் மண்ணாங்கட்டி பையிலிருந்து ஒரு பழைய செல்போனை எடுத்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. "இதயும் அந்த வெள்ளைக்காரர்தான் குடுத்தாரு. இதுல பலகையோட ஆப் இருக்குது. என்ன ஆனாலும் அப்டேட் பண்ணாதேன்னாரு. நான் தொறக்கவே மாட்டேன்."

பாலாஜி அதை வாங்கி உயிர் கொடுத்தான். இணையத்தில் எங்கே தேடினாலும் இப்போது கிடைக்காத அந்த ஆப் திறந்தது. ஓரத்தில் ஓர் எண். 19,084.

"இது இன்னா, வண்டி நம்பரா?" என்றார் மண்ணாங்கட்டி.

"ஓடின தூரம்ணா. மைல்ல காட்டுது." வினோதினி கணக்குப் போட்டாள். முப்பதாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். ஒரு சுற்று பதினான்கு என்று வகுத்தாள். அப்புறம், வழக்கம்போல, இன்னும் இரண்டு முறை வகுத்தாள்.

"ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி மூணு சுத்து."

"எனக்குத் தெரியாதும்மா. எண்ணினதில்ல."

தொழிற்சாலையில் ஓர் அறை இருந்தது. கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். உள்ளே செல்களை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, எத்தனை முறை தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐநூறு தாண்டினால் நல்ல செல். எண்ணூறு என்றால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். குளிரூட்டிய அறை, தூசி கிடையாது. இந்த முப்பது செல்களோ சித்திரை வெயிலில், தார் ரோட்டுக்கு நான்கு அங்குலம் மேலே, ஓர் ஆளையும் ஒரு பை கற்பூரத்தையும் சுமந்துகொண்டு, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சார்ஜ் ஏறி, நாலாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. எப்படி என்று அவளுக்குத் தெரியும். நிரம்ப விடாமல், வற்ற விடாமல், நடுவிலேயே வைத்திருந்தால் செல் நீண்ட நாள் இருக்கும். இவ்வளவு நாள் இருந்து அவள் பார்த்ததில்லை. பால் திரிந்துவிடும் என்று ஒரு டீக்கடைக்கார அம்மாள் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

ஏழாவது வரிசையைக் குறைய விட்டதும் அந்தக் கை. மற்ற எல்லாவற்றையும் இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்ததும் அதே கை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வாசலுக்கு வந்தாள். மலை அங்கேதான் இருந்தது. தினம் கடை திறக்கும்போது பார்க்கிறதுதான். வருஷத்துக்கு ஒரு பௌர்ணமி, கூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி சுற்றி வந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"வேண்டுதலாண்ணா?" என்றாள் உள்ளே பார்த்து.

"கற்பூரம் போடப் போறேன். போறப்ப மலை கூட வருது. அதுக்கு மேல பிரிச்சுப் பாக்க எனக்கு நேரமில்ல."

நான்கு மணிக்கு ஏழாவது வரிசை மூன்று புள்ளி ஏழைத் தொட்டது. சார்ஜரைக் கழற்றினாள். இன்னும் இரண்டு நாள் வைத்திருந்து அளந்தாள். இறங்கவில்லை. மூடி போட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு மண்ணாங்கட்டி முன்னால் போக, வினோதினி ஸ்கூட்டியில் பின்னால் போனாள். பாதையில் நடப்பவர்கள் சிலர்தான். ஏதாவது ஆனால் தூக்கி வைக்க வேண்டுமே என்று கணவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சூரிய லிங்கம் வந்தது. மண்ணாங்கட்டி வேகத்தைக் குறைத்தார். தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் அவர் தோள்கள் இறுகுவது பின்னாலிருந்தே தெரிந்தது. வினோதினி பிரேக்கில் விரல் வைத்தாள்.

பலகை தொட்டியைத் தாண்டியது. ஒரு சத்தமும் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஒரு கையை மட்டும் மேலே தூக்கி இறக்கினார்.

அதற்குப் பிறகு பாதை வளைந்தது. அவள் வண்டியை நிறுத்தப் பார்த்து, நிறுத்தாமல் மெதுவாக ஓட்டினாள். கடை வாசலில் தெரிகிற ஒற்றைக் கூம்பு இல்லை இது. ஒன்றின் பின்னிருந்து இன்னொன்று விலகி வந்தது, அதன் பின்னிருந்து இன்னொன்று. நகர்வது தானா மலையா என்று ஒரு கணம் புரியவில்லை.

அடி அண்ணாமலையில் ஜோதியம்மாள் கடைக்கு வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "யோவ், செத்துட்டியான்னு பாத்தேன். ஆட்டோல கற்பூரம் மட்டும் வருது, ஆளக் காணோம்."

"செத்தா உன் பிளக்கு மிச்சம்னு பாத்தியா?"

"பின்ன? நாப்பது நாளா என் ஃபிரிட்ஜு நிம்மதியா தூங்குச்சு." பேசிக்கொண்டே ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி அவருடையதைச் சொருகினாள்.

டீ குடித்தார்கள். மூன்றாவது லைட் எரிந்தது. ஜோதியம்மாளின் கை தானாகப் பிளக்குக்குப் போனது.

"இன்னிக்கு மட்டும் விடுங்கம்மா" என்றாள் வினோதினி. "மாசத்துல ஒரு நாள் அஞ்சு லைட்டும் எரியணும். மத்த நாளு நீங்க எப்பவும் போல மூணுலயே புடுங்கிடுங்க. நீங்க புடுங்கினதாலதான் இது ரெண்டாயிரம் சுத்து ஓடியிருக்குது."

"நானா?" ஜோதியம்மாள் தன் கையைப் பார்த்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நான் பாலுக்காகப் புடுங்கினேன்மா."

நான்காவது எரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜோதியம்மாள் பாலை எடுத்து ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, யாரும் எதிர்பார்க்காதபோது, ஓரத்தில் சின்னதாகப் பச்சையாக ஒன்று எரிந்தது.

"வந்துடுச்சு! யோவ், இங்க பாரு, வந்துடுச்சு" என்றாள் ஜோதியம்மாள்.

மண்ணாங்கட்டி திரும்பவில்லை. நாற்பது நாளுக்கு மேல் பார்க்காமல் விட்ட பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோதியம்மாள் ஒரு நிமிஷம் பொறுத்தாள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கினாள். "சரி சரி, கெளம்பு. இன்னும் பாதி மலை கெடக்குது, என் பாலும் கெடக்குது."