முப்பத்தொரு வயதில் ஒரு சர்டிபிகேட்

அப்போது எங்கள் தெருவில் பகல் முழுக்கத் தறிச் சத்தம்தான். ராஜபாளையம் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும்... பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் வேலை பார்ப்பேன்.

மெடிக்கல் கோடிங். நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்து, அந்த நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். தனியார் கம்பெனியில் ஆறு வருஷம்.

அரசு ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் விண்ணப்பித்தேன். விலங்கியல் டிகிரி, கோடிங் பரீட்சை, அனுபவம்... இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற நினைப்பு.

சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அந்த அதிகாரி என் பைலை இரண்டு தடவை புரட்டினார்.

"ஏம்மா, மெடிக்கல் ரெக்கார்டு கோர்ஸ் சர்டிபிகேட் எங்க?"

"சார், ஆறு வருஷமா இதே வேலதான் பாக்கேன்."

"வேல தெரியும்னு பாத்தாலே தெரியுது. ஆனா அரசு அங்கீகரிச்ச கோர்ஸ் முடிச்சிருக்கணும்மா. நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அறிவிப்பில் அந்த வரி இருந்தது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

வீட்டில் நாலு நாள் சொல்லவில்லை. ராணுவத்தில் இருந்த என் கணவர் போனில் கேட்டபோது அழுதுவிட்டேன்.

"அந்தக் கோர்ஸ் எம்புட்டு நாளு?"

"ஒரு வருஷம். வேலய விடணும். பாப்பா வேற சின்னது..."

பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்த என் மாமியார், எழுந்து வந்து போனை வாங்கினார். தறிக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"ஏலே, அவ படிக்கட்டும். நான் ஒரு வருஷம் தறிக்குப் போகல. பாப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான். வேறு பேச்சே இல்லை.

கோர்ஸ் மதுரையில். தினமும் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் கவிதா ஏறுவாள். மம்சாபுரத்துப் பெண், பத்தொன்பது வயது, என் வகுப்பு. தன் கையை நீட்டி, "இது என்ன எலும்பு, சொல்லுங்கக்கா" என்பாள். அச்சடித்த ரிப்போர்ட்டே பார்த்துப் பழகிய எனக்கு, டாக்டர்கள் கையால் எழுதியது ஒன்றும் புரியாது. அவள் கடகடவென்று வாசிப்பாள்.

"எப்படிட்டி படிக்க?"

"எங்கப்பா எழுத்து இதவிட மோசம்க்கா."

அடுத்த தடவை ஆள் எடுத்தபோது இரண்டு பேருக்குமே வேலை கிடைத்தது. ஆர்டரை என் மாமியார் எழுத்துக்கூட்டி என் பெயர் வரை வாசித்துவிட்டு, மடித்துக் கொடுத்தார்.

இப்போது ஸ்கூட்டரில் இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. கேஸ் ஷீட்டும் பாதிக்கு மேல் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. கவிதாவுக்கு வடக்கே ஒரு மாவட்டத்தில் போஸ்டிங். எப்போதாவது போன் செய்வாள். செத்த நேரம் பேசுவதற்குள் அவளை யாராவது கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் என்னை.

குறை ஒன்றும் இல்லை... ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே வர ஒரு ஆள், அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.