கடலில் இருந்தவர்களும் சைகோனில் இருந்தவர்களும்

பட்டணத்தில் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று ஆராய வருகிறவர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை இல்லை. எண்ணுவதைக் குறை சொல்லவில்லை. தட்டில் விழும் இட்லியையும் ஏறும் படியையும் எண்ணுகிறவன் நான். எண்ணத் தெரியாதவர் எண்ண வந்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் குருசுக்குப்பத்தில் குடியிருந்தேன். குப்பம் முழுவதற்கும் ஒரே கிணறு, அதுவும் உப்பு. அப்போது மதராசிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். கடற்கரைத் தெருக்களுக்கும் குப்பத்துக்கும் ஜனத்தொகை எப்படி வேறுபடுகிறது என்று பார்ப்பாராம். அவர் கணக்கில் எங்கே நெரிசல் அதிகமோ அங்கே புதிய தண்ணீர்க் குழாய் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். படித்தவன் என்று என்னை வழிகாட்ட அனுப்பினார்கள்.

முதல் நாள், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவரின் வீடு. கடற்கரைத் தெருவில் மாடி வைத்தது. அவர் மனைவி வாசலை மறித்து நின்று, ஆராய்ச்சியாளரைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி 'ஐயா' போட்டுச் சொன்னாள்:

"எழுதிக்குங்க முசியே. பெரியவன் சைகோன்ல, நடுவுள்ளவன் பாரீஸ்ல, சின்னவன் கப்பல்ல. மருமவளுங்க, பேரப்புள்ளைங்க எல்லாம் சேத்துப் பதினஞ்சு பேரு."

வீட்டில் இருந்தது புருஷன், பெண்டாட்டி, ஒரு பூனை.

"அவங்க யாரும் இங்க இல்லியேம்மா" என்றேன்.

"சோறு அங்க, வூடு இங்க. ஒனக்கு எங்க நோவுது?"

ஆராய்ச்சியாளர் பதினைந்து என்று எழுதினார். அந்தத் தெருவில் மற்ற வீடுகளிலும் இதே கணக்குதான்.

மறுநாள் காலை குப்பம். ஆண்கள் கட்டுமரத்தில் போயிருந்தார்கள். என் பக்கத்து வீட்டு அக்காள், தானும் மகளும் என்று இரண்டே பேர் சொன்னாள். புருஷனையும் நான்கு மகன்களையும் விட்டுவிட்டாள். கடலில் இருக்கிறவனை எண்ணினால் கரை திரும்பமாட்டான் என்று அங்கே எல்லோருக்கும் பயம்.

"அக்கா, கொழா வரணும்னா அஞ்சு பேரையும் சேத்துச் சொல்லு."

"தூ! கடல்ல கெடக்கறவன எண்ணச் சொல்றியே, அவங்க இன்னா கருவாடா? ஒன் வூட்டுல போயி எண்ணுடா, பெரிய கணக்கபுள்ள!"

மத்தியானம் கட்டுமரங்கள் கரையேறிவிடும், அப்போது வந்து தலையை எண்ணுங்கள் என்று ஆராய்ச்சியாளரிடம் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்காரங்க சொல்றதைத்தான் எழுதணும். அதுதான் முறை. மத்தியானம் எனக்கு ஒருத்தர் வீட்ல விருந்து."

முறையாம்!

குழாய் கடற்கரைத் தெருவுக்கே போனது. என் மனைவி குடத்தோடு அங்கே நடந்தாள். பென்ஷன்காரர் பெண்டாட்டி முதல் நாளே அவளை விரட்டினாள்:

"தள்ளிப் போடி. எங்க வூட்டுல பதினஞ்சு பேருக்குப் புடிக்கணும்."